மேல் கணக்கின் பிடிமண்

மழை தூறினால் மேல் ரோட்டுத் தடுப்பை இறக்கிவிடுவார்கள். ருவான்வெல்லை மைதானத்தில் விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கி மூன்று மொழியிலும் கத்திக்கொண்டிருந்ததில் சுகந்தினியின் மனதில் தங்கியது அது ஒன்றுதான். தண்ணீர் எங்கே தருவார்கள், வாழைப்பழம் எங்கே, விழுந்து அடிபட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் வந்த வழியே போயிற்று. அவள் நிமிர்ந்து யட்டியாந்தோட்டைப் பக்கத்து மலைகளைப் பார்த்தாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல மரம் மரமாகத் தெரிந்தன. மலை இப்படிக் கிட்ட வந்து நிற்கிற நாளில் மழை நிச்சயம். எந்த நேரத்துக்கு என்பதுதான் தெரியாது.

சுற்றிவரச் சைக்கிள்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வந்தவர்கள், பாடசாலைப் பிள்ளைகள், தொப்பை தள்ளிய கந்தோர் உத்தியோகத்தர்கள், எல்லாருக்கும் ஒரே மஞ்சள் டீசேர்ட். முதுகில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது: மேல் கணக்குக் குடும்பங்களுக்காக ஓடுகிறோம். சுகந்தினியும் அதைத்தான் போட்டிருந்தாள். அந்தக் குடும்பங்களில் மிஞ்சியவர்களில் தானும் ஒருத்தி என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மேடைக்குக் கூப்பிட்டுப் படம் பிடித்து, கையில் எதையாவது கொடுத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அவள் உட்காருவதற்கு வரவில்லை.

கார்த்திகை மழையில் கித்துல்தெனியத் தோட்டத்து மேல் கணக்கில், அந்த மேல் பிரிவில், வரிசை வீடுகளான லயம் மலையோடு கீழே போனது. சுகந்தினி அன்று கேகாலைக்குப் போயிருந்தாள். ரோடு அடைபட்டு, மறுநாள் கால்நடையாக வந்து சேர்ந்தபோது லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் கிடந்தது. புருஷன் கிருஷ்ணராஜைக் கீழே ஓடையில் கண்டெடுத்தார்கள். கொழுந்தன் நிரோஷனை இஸ்தோப்புத் திண்ணையின் கூரைக்கு அடியிலிருந்து உயிரோடு இழுத்தார்கள், ஒரு கால் நசுங்கியிருந்தது. மகள் ஷாமிளா கிடைக்கவேயில்லை. ராணுவம் தோண்டியது, நாய்கள் வந்தன, பிறகு நாய்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாடசாலை மண்டபத்தில் கிடைக்காதவர்களின் படங்களை வரிசையாக வைத்து எல்லாருக்கும் பொதுவாக ஐயர் மந்திரம் சொன்னார். ஷாமிளாவுக்குத் தனிப் படம் இருக்கவில்லை. நர்சரிப் படத்தில் அவள் தலையைச் சுற்றி யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

உடம்பு கிடைக்காமல் போனால் அவர்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உயிர் போன இடத்து மண்ணில் ஒரு பிடி, பெற்றவள் கையால் எடுத்துக் குழியில் வைப்பது. தோட்டத்து மாரியம்மன்கூட இந்தியாவிலிருந்து மடியில் கட்டி வந்த பிடிமண்ணில் இருந்துதான் எழுந்தாள் என்பார்கள். தகப்பனுக்குப் பக்கத்தில் அந்தப் பிடிமண்ணை வைத்துவிட்டால் போதும், பிள்ளைக்கு ஒரு இடம் ஆகிவிடும். அதுவரைக்கும் ராத்திரி மழை பெய்யும்போதெல்லாம் பிள்ளை நனைகிறது. சுகந்தினியால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

ஆனால் மேல் ரோட்டை அபாயப் பகுதி என்று அடைத்துவிட்டார்கள். கிராம சேவகரிடம் கேட்டாள், தோட்டத்துத் துரையிடம் கேட்டாள், பொலிஸில் கேட்டாள். எல்லாரும் பாவம் பார்த்தார்கள், யாரும் விடவில்லை. ரப்பர் மலைக்குள்ளால் போகிற குறுக்குப் பாதை சரிவோடு அறுந்து கிடந்தது. இப்போது திங்கட்கிழமை மெஷின்கள் வருகின்றன என்று தகவல். அந்த மண் முழுவதையும் பள்ளத்தில் தள்ளி, மலைக்குச் சுவர் கட்டப்போகிறார்கள்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் இந்தச் சைக்கிள் ஓட்டம். லொறி, வேன் போனால் மலை அதிரும், சைக்கிள் அதிராது என்று சொல்லி, ஒரு காலைக்கு மட்டும் மேல் ரோட்டைத் திறக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். நம்பர் குத்திக்கொண்டு சைக்கிளில் வருகிற யாரும் போகலாம். செய்தியைக் கொண்டுவந்தது நிரோஷன்தான். மிஞ்சியவர்களைத் தங்க வைத்திருந்த பழைய ரப்பர் ஸ்டோரில், சாக்குத் திரை கட்டிப் பிரித்த மூலையில், கட்டைக் காலை நீட்டிக்கொண்டு சொன்னான்.

"அண்ணி, அண்ணனோட ரேஸ் சைக்கிள் டவுன்ல இருக்கு."

இருந்தது. கியர் சரிபார்க்கவென்று கிருஷ்ணராஜ் யட்டியாந்தோட்டைக் கடையில் விட்டுவைத்ததால் தப்பியது. துரை பங்களாவின் பின்கட்டில் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரை விட்டுப் போன சைக்கிள் அது. மெல்லிய இரும்புச் சட்டம், ஆட்டுக் கொம்பு போல் வளைந்த ஹேண்டில், சட்டத்திலேயே பொருத்திய கியர் நெம்புகோல். வருஷப் பிறப்புக்குச் சிங்களக் கிராமங்களில் வைக்கும் பந்தயங்களில் கிருஷ்ணராஜ் அதில் ஓடி, "தெமள மல்லி", தமிழ்த் தம்பி, என்று பெயரே வாங்கியிருந்தான்.

சுகந்தினி ஸ்டோர் முற்றத்தில் அதை ஓட்டப் பழகினாள். ஆசனத்தை அடிவரைக்கும் இறக்கியும் கால் நுனிதான் எட்டியது. தண்ணீர்ப் பீப்பாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து மூலைக்காரி இராஜம் வாயை மூடவில்லை.

"அடி ஆத்தே, தொரசாணி போறா பாருங்கடி! ஏய் சுகந்தி, பல்ல ஒடச்சிக்காத. பெறகு ரெண்டாம் தாரமாக்கூட எவனும் கேக்க மாட்டான்."

"கேட்டா ஒங்கள அனுப்பி வைக்கிறேன்க்கா. ஒங்களுக்குத்தான் பல்லு பூரா இருக்கே."

முற்றமே சிரித்தது. சுகந்தினியும் சிரித்தாள். பிறகு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சிரித்துவிட்டோமே என்று ஸ்டோருக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றாள்.

ஒரு சிக்கல் டயர். மற்றச் சைக்கிள் டயர் ரிம்மைக் கவ்வி நிற்கும். இது அப்படியல்ல. டியூபை உள்ளே வைத்துத் தைத்த, பாம்பு போன்ற டயர். ரிம்மில் பசை பூசி ஒட்ட வேண்டும். கிருஷ்ணராஜ் கொழும்பிலிருந்து தகரத்தில் வரும் பசை வைத்திருந்தான். அது மண்ணுக்குள் போயிற்று.

"ரப்பர் தோட்டத்துல பொறந்துட்டு ஒட்டுறதுக்குப் பசை தேடுறதா?" என்றான் நிரோஷன். சரிவுக்கு முன்னால் அவன் பால் வெட்டுக்காரன். பழைய கூட்டாளியிடம் ஒரு போத்தல் ரப்பர் பால் வாங்கினான். ரிம்மில் பூசி, புகையில் காய வைத்து, மறுபடி பூசி, டயரை ஏற்றிக் கைகளால் நசுக்கி ஒட்டினான். கால் போனபிறகு அவன் இவ்வளவு பிரியமாக எதையும் செய்து அவள் பார்க்கவில்லை. "இழுத்துப் பாருங்க அண்ணி. யானை இழுத்தாலும் வராது." அவள் இழுத்தாள். வரவில்லை.

இப்போது மைதானத்தில் அந்தச் சைக்கிளைச் சுற்றிச் சின்னக் கூட்டம். மினுங்கும் தலைக்கவசம் போட்டவர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள், போனில் படம் எடுத்தார்கள். ஓட்டுகிறவளை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒருவர்தான். மாவனெல்லையில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் ஹில்மி, தாடியில் நரை விழுந்த மனிதர்.

"யா அல்லாஹ், இது எங்கால கெடச்ச அக்கா? இந்தச் சாமான நான் படத்துலதான் பாத்தீக்கிறேன்."

"எங்க வீட்டுக்காரரோடதுங்க."

"அவர் வரல்லயா?"

"இல்லீங்க."

அவர் பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஒட்டின டயர். என்ன பசை போட்டீங்க?"

"ரப்பர் பால்."

ஹில்மி சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "அக்கா, மேட்டுல பரவாயில்ல. எறக்கத்துல பிரேக்க அழுத்திப் புடிச்சிக்கிட்டே போகாதீங்க. ரிம் சூடேறினா பச்சைப் பால் எளகிரும். டயர் கழண்டுரும்."

விசில் ஊதினார்கள். மஞ்சள் வெள்ளம் போல் கூட்டம் ரோட்டில் இறங்கியது.

யட்டியாந்தோட்டை வரைக்கும் சமன். பஜாரில் கடைக்காரர்கள் வெளியே வந்து கை தட்டினார்கள். பஜாருக்கு அப்பால் ரோடு மலைக்குத் திரும்பியதும் கூட்டம் நூலாகப் பிரிந்தது. சுகந்தினி எழுந்து நின்று மிதித்தாள். கியரை மாற்றத் தெரியவில்லை. கிருஷ்ணராஜ் கடைசியாக எதில் விட்டானோ அதிலேயே கிடந்தது. முழங்கால் எரிந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போனார்கள். தொப்பை தள்ளியவர்களும் தாண்டிப் போனார்கள். தண்ணீர் கொடுத்த இடத்தில் அவள் நிற்கவில்லை. நின்றால் திரும்ப ஏற முடியாது என்று தெரியும்.

உச்சிக்குக் கிட்ட வந்தபோது வெளிச்சம் மாறியது. அவள் தலையைத் தூக்கவில்லை. ரோட்டில் தன் நிழல் மங்கியதைப் பார்த்தாள், அது போதும். மாரியாத்தா, கொஞ்சம் பொறு. உனக்கு என்ன குறை வைத்தேன்? எல்லாத்தையும் எடுத்துக்கிட்டே, இந்தக் காலை நேரத்தையாவது விடு. உதடு அசைந்ததா, மனதுக்குள் சொன்னாளா என்று தெரியாது. பக்கத்தில் மெதுவாக வந்த ஹில்மி திரும்பிப் பார்த்தார்.

"ஏன் அக்கா இந்த அவசரம்? இது ரேஸ் இல்ல. பரிசு இல்ல."

"மூடிருவாங்க."

"மூடினா மூடட்டுமே. லொறில ஏத்திக் கொண்டு போவாங்க."

அவள் இன்னும் அழுத்தி மிதித்தாள். மூச்சு இல்லை. உச்சி தாண்டி, இறக்கம் கண்ணுக்கு முன்னால் விழுந்தது. அடியில் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் சிவப்பு வெள்ளைத் தடுப்பு, அதற்கு அப்பால் மலையில் பெரிய சிவப்புக் காயம். எதிர்மலையின் தலையில் கறுப்பு மேகம் உட்கார்ந்திருந்தது.

பிரேக்கைத் தொடாமல் விட்டாள். சைக்கிள் அவளைக் கேட்காமல் பறந்தது. காற்று காதைக் கிழித்தது. முதல் வளைவு, இரண்டாவது. ஒரு கணம் அவளுக்கே நம்பிக்கை வந்தது. இந்தச் சைக்கிள் இதற்குத்தான் செய்யப்பட்டது என்று தோன்றியது. அடுத்த வளைவில் ரோட்டில் பாதி மண்ணும் கல்லும். முன்னால் போன பிள்ளைகள் கும்பலாக இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள்மேல் போய் விழ முடியாது. இரண்டு பிரேக்கையும் இறுக்கினாள். இரும்பு அலறியது. விடாமல் பிடித்தாள். ரிம்மிலிருந்து, ஸ்டோரில் ரப்பர் ஷீட் புகை போடும்போது வருகிற அதே மணம் வந்தது. பிள்ளைகளைச் சுற்றித் திருப்பினாள். பின்னால் ஏதோ வழுக்கியது. அதற்குப் பிறகு அவள் கையில் ஒன்றும் இல்லை.

கண் திறந்தபோது முழங்கை தோலுரிந்து, உள்ளங்கையில் சரளை குத்தியிருந்தது. பின் டயர் ரிம்மை விட்டுக் கழன்று, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சுருண்டு இறுகிக் கிடந்தது. சக்கரம் அசையவில்லை. ரிம்மில் பால் மூக்குச்சளி போல இழுபட்டது. யாரோ "அக்கா, இருங்க, இருங்க" என்றார்கள். அவள் இருக்கவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள். சைக்கிள் இல்லாமல் போனால் விடமாட்டார்கள் என்ற ஒரு நினைவு மட்டும் இருந்தது.

பாலத்தில் ஏறும்போது முதல் துளி மூக்கில் விழுந்தது.

தடுப்பில் ஒரு இளம் பொலிஸ்காரன். கயிற்றைக் கையில் பிடித்திருந்தான். கடைசியாக வந்த இரண்டு மூன்று பேரைக் கையசைத்து அனுப்பிக்கொண்டிருந்தான். அவள் தோளிலிருந்த சைக்கிளைப் பார்த்தான்.

"பே, அக்கே. முடியாது." சிங்களத்தில் சொன்னான். "ஓடுகிற சைக்கிள் மட்டும்தான். நடக்க விடக்கூடாதென்று உத்தரவு."

"மல்லி, இப்போதுதான் துளி போடுகிறது. ஓடிப் போய் ஓடி வந்துவிடுவேன்." சிங்களம் அவளுக்குத் தமிழைப் போலத்தான் வரும். "முதல் வளைவுதான். அங்கே தெரிகிறது பார்."

"அங்கே என்ன?"

"என் வீடு."

அவன் அவள் டீசேர்ட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

"யார் அக்கே அங்கே?"

"மகள்."

"அப்படியென்றால் உன்னை விடவே மாட்டேன்." குரல் தாழ்ந்திருந்தது. "போன மாதம் ஒரு தகப்பன் வந்தார். பூ வைத்துவிட்டு வருகிறேன் என்றார். நாங்கள் விடாதபோதும் உள்ளே புகுந்து உட்கார்ந்துவிட்டார். மண் இறங்குகிறது, வா வா என்று கத்துகிறோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தோம். நீயும் வரமாட்டாய். உன் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது."

பின்னால் வந்து நின்ற ஹில்மியின் சைக்கிளை அவள் பறித்தாள். ஏறிப் பார்த்தாள். மிதி இருக்கவேண்டிய இடத்தில் பொத்தான் போல் ஏதோ, செருப்புக் கால் வழுக்கியது. பொலிஸ்காரன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் கையில் அடித்தாள். அவன் வாங்கிக்கொண்டான், விடவில்லை. அவள் ரோட்டில் உட்கார்ந்து, பிடிமண் கட்டுவதற்கு இடுப்பில் செருகி வந்த மஞ்சள் துணியை எடுத்துக் காட்டினாள். தமிழும் சிங்களமும் கலந்து எல்லாம் வந்தது. பெற்றவள் கை, குழி, தகப்பன் பக்கத்தில் இடம், நாளைக்கு மெஷின்.

"நான் கொண்டாறேன்" என்றார் ஹில்மி. சைக்கிளை வாங்கினார். "மல்லி, என்ன விடுவீங்கதானே? சொல்லுங்க அக்கா, எவடம்?"

பெற்றவள் கை என்பது போயிற்று. அவள் துணியைக் கொடுத்தாள்.

"முதல் வளைவு தாண்டினதும் தண்ணிக் கொழா இருக்கும். இல்ல, இருக்காது. பலா மரம் ஒண்ணு..." அவள் நிறுத்தினாள். பலா மரமும் இருக்காது. படி, கோழிக்கூடு, மல்லிகைப் பந்தல், மாட்டுப் பட்டி, ஒவ்வொன்றாக வாய்க்கு வந்து ஒவ்வொன்றாக இல்லாமல் போனது. பிறந்த பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய இடத்தை ஒரு மனிதனுக்குச் சொல்ல அவளிடம் ஒரு அடையாளமும் மிச்சமில்லை.

"அக்கா, மழை வருது."

அப்போது அவள் திரும்பி எதிர்மலையைப் பார்த்தாள். அந்த மலை விழவில்லை. "இருங்க. எங்க வாசல்ல நின்னா நேர் எதிர்ல ஸ்டோர் பொகக்கூண்டு தெரியும். அதுக்குக் கீழ கோயில் உச்சி. ரெண்டும் ஒரே கோட்டுல நிக்கும். பக்கத்து வீட்டுக் காம்பராவுல நின்னாக்கூட விலகிப் போயிரும். எங்க வாசல்ல மட்டுந்தான் ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்கும். அந்தா, பாருங்க. அப்படி நிக்கிற எடத்துல எடுங்க."

ஹில்மி உற்றுப் பார்த்தார். புகைக்கூண்டும் கோயிலும் இங்கிருந்து தள்ளித் தள்ளி நின்றன. தலையாட்டிவிட்டு ஏறி மிதித்தார். மஞ்சள் டீசேர்ட் வளைவில் மறைந்தது. பொலிஸ்காரன் தடுப்பை இறக்கினான்.

மழை முதலில் பாலத்தில் பெய்தது. பிறகு மேகம் எதிர்மலையை விட்டு இறங்கியது. கோயில் போனது. கொஞ்சம் நேரம் புகைக்கூண்டின் நுனி மட்டும் வெள்ளைக்கு மேலே நின்றது. பிறகு அதுவும் போனது. சுகந்தினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொலிஸ்காரன் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஹில்மி திரும்பி வந்தபோது தாடியிலிருந்து தண்ணீர் ஓடியது. துணி கனமாக, கீழே சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் கொடுத்தார்.

"அந்த எடமாங்க?" என்றாள்.

அவர் எதிர்மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நான் போறத்துக்குள்ள மேகம் மூடிட்டுது அக்கா. பொகக்கூண்டும் தெரியல்ல, கோயிலும் தெரியல்ல. அங்க எல்லாம் ஒரே மண். நடுவுல இரிக்குமுண்டு நெனச்ச எடத்துல எடுத்தேன்." கண்ணைத் துடைத்தார். "பொய் சொல்ல மனம் வரல்ல."

சொல்லியிருக்கலாம், என்று நினைத்தாள். ஒரு வார்த்தை. உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? நல்ல மனிதர், நோன்பு பிடிக்கிறவர், பொய் வராது. அந்த நல்லதனத்தை இனிச் சாகும்வரைக்கும் அவள்தான் சுமக்க வேண்டும்.

"பெரிய உதவிங்க" என்றாள்.

லொறி வந்து பிந்தியவர்களை ஏற்றியது. சைக்கிளைப் பின்னால் எறிந்தார்கள். மடியில் மண்ணை வைத்துக்கொண்டு அவள் பலகையில் உட்கார்ந்தாள். மஞ்சள் டீசேர்ட் போட்ட ஒரு கொழும்புப் பிள்ளை ஒவ்வொருவராகக் கழுத்தில் பதக்கம் மாட்டிக்கொண்டு வந்தாள். "கொங்கிராட்ஸ், ஆன்ட்டி" என்று சொல்லி அவளுக்கும் மாட்டினாள்.

பழைய ஸ்டோர் வாசலில் நிரோஷன் கட்டையை ஊன்றி நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ, தோள் முழுக்க நனைந்திருந்தது. லொறியிலிருந்து இறக்கிய சைக்கிளைப் பார்த்தான். சுருண்ட டயரைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

"கழண்டிருச்சா அண்ணி? எங்க? போகும்போதா?"

"திரும்பி வரும்போதுப்பா. எல்லாம் முடிஞ்ச பெறகு."

அவன் மூச்சு விட்டான். மேலும் நெருங்கி வந்து துணியைப் பார்த்தான். தொடவில்லை. "நம்ம காம்பரா மண்ணா? பொகக்கூண்டு நேரா நின்னிச்சா?"

உள்ளேயிருந்து இராஜமும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். எல்லார் கண்ணும் அவள் வாயில் இருந்தது. அவர்களுடைய ஆட்களும் அந்த மண்ணுக்குள்தான் இருந்தார்கள்.

"நின்னிச்சு. கோயிலுக்கு நேர் மேல. நம்ம வாசல்ல நின்னு, என் கையாலதான் எடுத்தேன். அவ படுக்குற மூலையில."

நிரோஷன் சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். சரிவுக்குப் பிறகு அவன் அழுது அன்றுதான் பார்த்தார்கள். இராஜம் மண்வெட்டி தேடப் போனாள். மழை விடட்டும் என்று யாரோ சொன்னதைச் சுகந்தினி கேட்கவில்லை. மண்ணை மார்போடு அணைத்து, மழைக்கோட்டின் முன் பக்கத்தை இழுத்து அதன்மேல் மூடிக்கொண்டு, மயானத்துப் பாதையில் இறங்கினாள். யாருடைய பிள்ளையோ, நனையாமல் பார்த்துக்கொண்டாள்.